வெற்றியின் மீது யாருக்கு உரிமை?

திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ‘ஊழ்’. 62ஆம் அதிகாரம் ‘ஆள்வினையுடைமை’. முன்னதன் கடைசிக் குறள், ஊழைவிட வலிமையானது எதுவுமில்லை, தப்பிக்க நாம் வேறு வழி பார்த்தாலும் அது நமக்கு முன்னால் போய் நிற்கும் என்கிறது. பின்னதன் கடைசிக் குறள், தளராமல் முயல்பவர்கள் அந்த ஊழையே புறங்காட்டி ஓட வைப்பார்கள் என்கிறது. பட்டிமன்ற மேடைகள் இந்த முரணை வைத்துக்கொண்டே பல பத்தாண்டுகள் பிழைத்திருக்கின்றன. நடுவர் பெரும்பாலும் முயற்சியின் பக்கம் தீர்ப்புச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார். ஆனால் அதே 62ஆம் அதிகாரத்தில், கடைசிக் குறளுக்கு இரண்டு குறள் முன்னால், மேடையில் அதிகம் காதில் விழாத ஒன்று இருக்கிறது. நல்வாய்ப்பு அமையாமல் போவது யாருக்கும் இழுக்கில்லை, அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதே இழுக்கு என்பது அதன் கருத்து. முயற்சியைப் புகழ வந்த இடத்தில், முயன்றும் தோற்றவனுக்காக வள்ளுவர் கொஞ்சம் நின்று பேசிவிட்டுப் போகிறார். அதிர்ஷ்டமா, திறமையா, உழைப்பா என்ற பழைய வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். வெற்றி எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி. வென்றவருக்குப் பெருமையும் தோற்றவருக்குப் பழியும் சேருமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உழைப்பு என்றே விடை சொன்னாலும், அந்த விடையை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட முடியாது.

ஊழையும் முயற்சியையும் சமாதானப்படுத்த நம் மரபில் ஒரு வழி இருந்தது. ஊழ் எங்கிருந்தோ வந்து தலையில் விழுவதில்லை, முன்பு நாமே செய்த வினையின் பயன்தான் அது. யோகவாசிட்டத்தில் வசிட்டர் இராமனுக்குச் சொல்வதும் இதுவே: தெய்வம் என்று நாம் சொல்வது பழைய முயற்சியைத்தான், இன்றைய முயற்சி அதனோடு முட்டி மோதுகிறது, பலமானது ஜெயிக்கிறது. இதில் ஒரு தர்க்க அழகு உண்டு, மனிதனைச் சோம்பிக் கிடக்க விடாத குணமும் உண்டு. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. உலகத்தில் தற்செயல் என்பதே இல்லாமல் போய்விடுகிறது. பார்வையில்லாமல் பிறந்த குழந்தையும் மாளிகையில் பிறந்த குழந்தையும் தத்தம் கணக்கில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. பிறப்பால் வந்த தாழ்வுக்கும் உயர்வுக்கும் இந்தக் கணக்கு எத்தனை நூற்றாண்டுகள் சாட்சி சொன்னது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. விசித்திரம் என்னவென்றால், மறுபிறவியைக் கேலி செய்யும் இன்றைய தகுதிவாதமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ‘உழைத்தேன், உயர்ந்தேன், அவன் உழைக்கவில்லை, அங்கேயே கிடக்கிறான்’ என்பதிலும் தற்செயலுக்கு இடமில்லை. வினைக் கணக்கு பல பிறவிகளிலிருந்து ஒரே பிறவிக்குச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நல்வாழ்வு கிடைத்தவர்கள் அது கிடைத்ததோடு திருப்திப்படுவதில்லை, அதற்குத் தாங்கள் உரியவர்கள் என்ற நிம்மதியும் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எழுதினார். தகுதியின் ஆட்சி என்ற கருத்தைப் பிரபலமாக்கிய மைக்கேல் யங்கின் 1958ஆம் ஆண்டுப் புத்தகம் உண்மையில் ஓர் அங்கதம், ஓர் எச்சரிக்கை. அரசியல்வாதிகள் அந்தச் சொல்லை லட்சியமாக எடுத்துக்கொண்டதைப் பார்த்து, 2001இல் அவரே பத்திரிகையில் எழுதி நொந்துகொள்ள வேண்டியிருந்தது.

தற்செயல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளலாம். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் போன்ற பணிகளுக்கானது. 2022இல் அந்தத் தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், 18 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. கேள்விகள் 200; ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண்; மொத்தம் 300. அதாவது பூஜ்யத்திலிருந்து 300 வரை ஏறத்தாழ 200 படிகள்தான். இந்த 200 படிகளில் 18 லட்சம் பேர் நின்றாக வேண்டும். சராசரியாகப் பார்த்தால் ஒரு படிக்கு 9,000 பேர், முதலில் அறிவிக்கப்பட்ட மொத்த இடங்களைவிட அதிகம். உச்சிப் படிகளில் கூட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கட்-ஆஃப் விழும் படியின் மேலும் கீழும் நெருக்கியடித்து நிற்பவர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரிப்பது ஒரு கேள்வி, இரண்டு கேள்வி. அந்த ஒரு கேள்வியை ஒருவர் முதல் நாள் இரவு தற்செயலாகப் புரட்டிய பக்கத்தில் பார்த்திருக்கலாம். இன்னொருவர் நான்கு விடைகளில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் கறுப்பாக்கியிருக்கலாம். ஒருவர் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, ஊரில் ‘பொறுப்பான பிள்ளை’ ஆகிறார். மற்றவர் ‘இன்னும் படிச்சிட்டேதான் இருக்கான்’ ஆகிறார். இருவரின் படிப்பிலும் உழைப்பிலும் இருந்த வேறுபாடு அந்த ஒன்றரை மதிப்பெண்தான் என்று வைத்துக்கொண்டால்கூட, கிடைத்த பலனின் வேறுபாட்டுக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. யாரும் படிக்காமல் போய் எழுதும் தேர்வில், படித்த ஒருவன் சுலபமாக வென்றுவிடுவான். அங்கே உழைப்புதான் ராஜா. எல்லாரும் ஒரே மாதிரி பயிற்சி மையத்தில், ஒரே மாதிரி சமச்சீர்ப் பாடப் புத்தகங்களை, ஒரே மாதிரி மாதிரித் தேர்வுகளை வைத்துத் தயாராகும்போது, உழைப்பால் வரும் வேறுபாடு சுருங்கிக்கொண்டே போகிறது, மிஞ்சும் வேறுபாட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு வளர்கிறது. உழைப்பு தேவையற்றதாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. உழைக்காதவன் அந்தப் படிக்கட்டின் பக்கமே வர முடியாது. ஆனால் வரிசைக்குள் வந்தவர்களில் யாரை உள்ளே விடுவது என்பதை உழைப்பு தீர்மானிப்பதில்லை. ஆகவே, போட்டி கடுமையாகக் கடுமையாக வென்றவர் தன் உழைப்பைப் பற்றிப் பேசுவதற்கு நியாயம் குறைகிறது. நடைமுறையில் நாம் காண்பது இதற்கு நேர்மாறு.

தேர்வில் சரியான விடை என்று ஒன்றாவது உண்டு. ரசனையின் சந்தையில் அதுவும் கிடையாது. 2006இல் மாத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதைக் கிட்டத்தில் காட்டியது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள்; 14,000க்கும் மேற்பட்டவர்கள் கேட்டு, பிடித்ததைத் தரவிறக்கிக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்று தெரியாது; அந்த வரிசையைப் பாடலின் தரம் என்று எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேரை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எட்டு ‘உலக’ங்களில் பிரித்துவிட்டு, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். மிகச் சிறந்த பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அபூர்வம், மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அபூர்வம். இடையில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. தரத்தில் 26ஆம் இடத்தில் இருந்த ஒரு பாடல் ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னோர் உலகத்தில் 40ஆம் இடத்துக்குப் போனது. அதே பாடல், அதே குரல், அதே உழைப்பு. முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்கள் என்பது மட்டும்தான் வேறு. முதலிடம் பிடித்த உலகத்தில் மட்டும் வாழும் ஒரு விமர்சகர், அந்தப் பாடல் ஏன் வென்றே தீர வேண்டியிருந்தது என்று பத்துப் பக்கம் எழுதிவிடுவார். நம் சினிமாப் பக்கங்களில் வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்குத் திங்கட்கிழமை நடப்பதும் இதுதான்.

இவை எல்லாம் நடுத்தரத் திறமையின் கதை, மேதைமைக்கு இது பொருந்தாது, அசல் மேதை எப்படியும் வெளியே வந்துவிடுவான் என்று சொல்வார்கள். அந்த வாதத்துக்கு முதல் சாட்சியாக அழைக்கப்படுபவர் சீனிவாச ராமானுஜன். அந்தச் சாட்சியையே கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது அவர் கையில் கிடைத்தது ஜி.எஸ். கார் தொகுத்த ஒரு கணிதக் கையேடு. ஆயிரக்கணக்கான முடிவுகளை, நிறுவல்களை விட்டோ சுருக்கியோ அடுக்கிய, தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கான புத்தகம் அது. பெரிய கணிதமேதை எழுதியதும் அல்ல. காகிதம் வாங்கக் காசு பற்றாததால் ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டார், முழங்கையால் அழித்தார், முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் நிறுவல்கள் அரிதாகவே இருப்பதற்கு அந்தப் புத்தகமும் அந்தச் சிலேட்டும் காரணங்கள் என்று சொல்வதுண்டு. நிறுவல் இல்லாத அந்த எழுத்துமுறை பிறகு அவருக்கே எதிராக வந்தது. 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியதற்கு முன்பே அங்கிருந்த பேக்கரும் ஹாப்சனும் அவர் அனுப்பியவற்றைத் திருப்பியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா, கல்லூரித் தேர்வில் தேறாதவர், நிறுவலில்லாத சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக அனுப்பினால், வேலை நெருக்கடியில் இருக்கும் பேராசிரியர் என்ன நினைப்பார்? ஹார்டியும் அன்று அந்தக் கடிதத்தைத் தனியாக வைத்துக்கொண்டு முடிவெடுக்கவில்லை. ஹார்டியின் கல்லூரியிலேயே இன்னொரு கணிதவியலாளர் லிட்டில்வுட் இருந்தார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஏழ்மை திறமையின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. அந்த வடிவம் அதை அடையாளம் காண்பதைக் கடினமாக்குகிறது. அடையாளம் காணக்கூடிய ஆள் சரியான நாளில் சரியான அறையில் இருக்க வேண்டியிருக்கிறது.

அவர் விடாமல் எழுதினாரே, இரண்டு பேர் திருப்பியும் மூன்றாவது ஆளுக்கு எழுதினாரே, அதுதானே முயற்சி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிர்ஷ்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் இதுதான் வலுவான மறுப்பும்கூட: முயற்சி வாய்ப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது, பத்து முறை தட்டுபவனுக்கு ஒரு கதவாவது திறக்கும். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை முறை தட்ட ஒருவனுக்குக் கட்டுப்படியாகும் என்பது எதைப் பொறுத்தது? 1910இல் ராமானுஜன் திருக்கோவிலூரில் போய்ப் பார்த்த டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவராக இருந்தார். அவருடைய சிபாரிசுக் கடிதங்கள் சென்னையில் கதவுகளைத் திறந்தன. நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். துறைமுகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரே ஒரு கணிதக்காரர். இந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு சமூக வலைப்பின்னல் தெரிகிறது. ராமானுஜன் அதில் ஏழையாக இருந்தாலும் அந்நியராக இல்லை. அதே தஞ்சை மாவட்டத்தில், அதே ஆண்டுகளில், பண்ணையில் கட்டுப்பட்டுக் கிடந்த கூலிக் குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, அதே மூளை இருந்திருந்தால், காரின் கையேடு கிடக்கட்டும், பள்ளிக்கூட வாசல்கூடக் கிடைத்திருக்காது. அசல் மேதை எப்படியும் வெளியே வந்துவிடுவான் என்ற கூற்றுக்கு ஒரு தர்க்கக் கோளாறு உண்டு. வெளியே வந்தவர்களை மட்டும் எண்ணி நிறுவப்படும் கூற்று அது. வராதவர்கள் கணக்கெடுப்பில் இல்லை.

சரி, அப்படியானால் அதிர்ஷ்டம் எத்தனை விழுக்காடு, உழைப்பு எத்தனை விழுக்காடு என்று கேட்டால்? இந்தக் கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது என்பது என் கருத்து. பயிற்சியின் பங்கை அளக்க முயன்ற ஆய்வுகள் உண்டு. 2014இல் புரூக் மெக்னமாராவும் சக ஆய்வாளர்களும் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சி விளக்கியது சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 விழுக்காடு, இசையில் 21, கல்வியில் 4. பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் மேதையாகலாம் என்று பரவியிருந்த பேச்சுக்கு இது நல்ல மருந்துதான். ஆனால் ஒரு வீணைக் கலைஞரின் வெற்றியில் 21 விழுக்காடு மட்டும் அவருடையது என்று இதற்குப் பொருளில்லை. அந்த எண் ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது. தனி ஒருவரின் வெற்றிக்குள் அதிர்ஷ்டம், திறமை, உழைப்பு மூன்றும் கூட்டல் கணக்காக நிற்பதில்லை. பெருக்கல் கணக்காக நிற்கின்றன. தண்ணீர் வராத வயலில் எத்தனை உழவு போட்டாலும் விளைச்சல் பூஜ்யம், உழாத வயலில் ஆறே வந்து பாய்ந்தாலும் பூஜ்யம். விளைந்த நெல்லில் எத்தனை மூட்டை மழையினுடையது, எத்தனை மூட்டை ஏரினுடையது என்று பிரித்து அளக்க முடியாது. பிரிக்க முடியாத ஒன்றைப் பிரித்து, தன் பங்கு இத்தனை என்று உரிமை கோருவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இங்கே ஒருவர் இன்னும் ஆழமாகப் போகலாம். உழைக்கும் குணம் மட்டும் எங்கிருந்து வந்தது? ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய ‘நீதிக் கோட்பாடு’ நூலில் இதைத்தான் கேட்டார். முயலும் ஊக்கமும் விடாப்பிடியும் நல்ல குடும்பச் சூழலையும் பிறவி இயல்பையும் சார்ந்தவை. அவற்றை நாம் சம்பாதிக்கவில்லை. இந்தப் படியில் காலை வைத்தால் அடுத்த படி மக்கலி கோசாலரிடம் கொண்டுபோய் விடும். எல்லாம் நியதிப்படி நடக்கிறது, முயற்சி, ஆற்றல் என்பதெல்லாம் ஒன்றுமில்லை என்பது அவருடைய ஆசீவக நெறி. தமிழ் மண்ணுக்கு அது அந்நியமானதில்லை. மணிமேகலையும் நீலகேசியும் அதனோடு வழக்காடியிருக்கின்றன. அந்த நெறிக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சுவேதாம்பரச் சமணரின் உபாசகதசாங்கத்தில் வரும் ஓர் உரையாடல். சத்தாலபுத்தர் ஒரு குயவர், ஆசீவகர். சாதாரணக் குயவரும் அல்ல, ஊருக்கு வெளியே 500 பட்டறைகள் வைத்திருந்த கோடீஸ்வரர். வெயிலில் காயவைத்திருந்த பானைகளைக் காட்டி, இவை முயற்சியால் வந்தவையா, முயற்சியில்லாமல் வந்தவையா என்று மகாவீரர் கேட்கிறார். முயற்சியில்லாமல்தான், எல்லாம் நியதி என்கிறார் குயவர். அப்படியானால் இந்தப் பானைகளை ஒருவன் திருடினாலோ உடைத்தாலோ, உன் மனைவியிடம் முறைகேடாக நடந்துகொண்டாலோ என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிப்போடுவேன், கொல்லவும் செய்வேன் என்கிறார் குயவர். அவனும் முயற்சியால் எதுவும் செய்யவில்லையே, அப்புறம் அவன்மேல் உனக்கு ஏன் கோபம் என்பது மகாவீரரின் பிடி. குயவர் வாயடைத்துப் போகிறார்.

மகாவீரர் வென்றது எதில் என்று கவனிக்க வேண்டும். நியதி பொய் என்று அவர் நிறுவவில்லை. ஒரே அளவுகோலைத் தனக்கும் பிறருக்கும் வைக்க உன்னால் முடியவில்லை என்று காட்டினார். அந்தச் சோதனையை இன்றைய தகுதிவாதிக்கு வைத்துப் பார்த்தால் அவரும் தோற்பார், மறுபக்கமாக. தன் பானைகள் உழைப்பால் வந்தவை, தன் நஷ்டம் மட்டும் சந்தை சரியில்லாததால், நேரம் சரியில்லாததால் வந்தது. பக்கத்துத் தெருக்காரன் லாபம் அடித்தால் அது யோகம், கடன்பட்டால் அது சோம்பேறித்தனம். தன் 500 பட்டறைகளுக்குப் பெருமை கொண்டாடாத அந்தக் குயவர், இந்த விஷயத்தில் நம் காலத்துச் சுயசரிதைக்காரர்களைவிட எவ்வளவோ மேல். ரால்ஸின் கேள்விக்கு என் பதில் இதுதான்: முயற்சியின் வேரும் நமதில்லை என்று ஒப்புக்கொள்வதால் முயற்சி பொய்யாகிவிடாது. நாளை என்ன செய்வது என்று யோசிக்கும்போது என் கையில் இருப்பது என் முயற்சி மட்டும்தான், நியதியைக் கேட்டு யாரும் முடிவெடுக்க முடியாது. நேற்று என்ன கிடைத்தது, அடுத்தவருக்கு என்ன கிடைக்கவில்லை என்று கணக்குப் பார்க்கும்போது ஊழை மறந்தால் அது பொய்க் கணக்கு. 38ஆம் அதிகாரமும் 62ஆம் அதிகாரமும் சண்டையிடுவதாக நமக்குத் தோன்றுவது, இரண்டையும் ஒரே வேளைக்கு உரியவையாகப் படிப்பதால்தான்.

இளைஞர்களிடம் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசினால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், உண்மையாக இருந்தாலும் சொல்லக் கூடாத உண்மை இது என்றொரு ஆட்சேபம் உண்டு. பள்ளிக்கூடங்களும் பயிற்சி மையங்களும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் உழைத்தால் நிச்சயம் கிடைக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, கிடைக்காதபோது எஞ்சும் விளக்கம் ஒன்றே ஒன்று: நான் போதுமான அளவு உழைக்கவில்லை, நான் சரியில்லை. தேர்வு முடிவு வரும் வாரங்களில் நம் செய்தித்தாள்களில் வரும் துயரச் செய்திகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. வள்ளுவர் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. தெய்வமே கைவிட்டாலும் முயற்சி உடல் வருந்தியதற்கான கூலியைத் தரும் என்கிற அளவோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். கூலி வேறு, மகுடம் வேறு. அந்தக் கூலியையாவது நம் ஏற்பாடுகள் கொடுக்கின்றனவா என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது. ஐந்து ஆண்டு படித்து, ஒன்றரை மதிப்பெண்ணில் வெளியே நிற்பவர் அந்தத் தேர்விலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போக முடிவதில்லை; அடுத்த அறிவிப்புக்கு அவர் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். ஒன்றிய அரசு 2020 ஆகஸ்ட்டில் ஒப்புதல் அளித்த பொதுத் தகுதித் தேர்வுத் திட்டத்தில், ஒருமுறை எடுத்த மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும், மாநில அரசுகளும் தனியார் நிறுவனங்களும்கூட அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. அந்தத் திட்டத்தில் வேறு குறைகள் இருக்கலாம். தமிழ்நாட்டுத் தேர்வாணையம் அதிலிருந்து இந்த ஓர் அம்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நிற்பவர்களின் பட்டியலைக் கூட்டுறவு வங்கிகளுக்கும் வாரியங்களுக்கும் அனுப்பினால், அதற்குப் புதிதாக ஒரு கேள்வித்தாள்கூட அச்சடிக்க வேண்டியதில்லை.